ஏழாம் இலக்கத்துக்கு எத்தனை புள்ளி

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சனசமூக நிலையத்தின் படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை கொய்யா மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட இரண்டு இறுவட்டுகள், பழைய பாட்டு சிடிகள். காற்றில் சுழலும்போது ஒரு வெளிச்சத் துண்டு மதிலில் ஓடிப்போய் மறைந்தது. அணிலும் கிளியும் காய்களைக் கொத்தாமல் இருக்க யாரோ கட்டியவை. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் எழுத்து முழுவதும் அழிந்திருந்தது. மற்றதில் ஒரு கோபுரத்தின் கீழ்ப்பாதியும் ஒரு பாடகரின் மீசையும் மிச்சமிருந்தன. அந்தத் தொகுப்புக்கு நான் சில ஆண்டுகளுக்கு முன்னர் பத்துக்கு ஆறரைப் புள்ளி போட்டு எழுதியிருந்தேன்.

"என்ன தம்பி, மரத்தோடை கதைக்கிறீர்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உதுதான் கடைசி மதிப்பீடு. அணில் கிட்ட வராட்டில் நல்ல அல்பம்."

குரலுக்குரியவர் வானொலியில் பல காலம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் வயது பார்க்காமல் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கத்துக் கதிரையில் ரீச்சர் இருந்தார். பாடசாலையில் சங்கீதம் கற்பித்தவர். இப்போதும் வீட்டில் வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறார். மூன்றாவது கதிரை எனக்கு. நான் பத்திரிகையில் வேலை செய்கிறேன். ஞாயிறு இதழில் உள்ளூர் இசைத்தொகுப்புகளைப் பற்றி எழுதி, அடியில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடும் பத்தி என்னுடையது.

நல்லூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்த நிலையம் தன் ஆண்டு விழாவுக்காக ஒரு போட்டி வைத்திருந்தது. குடாநாட்டில் ஒலிப்பதிவு செய்து வெளிவந்த தொகுப்புகளில் சிறந்ததற்குப் பரிசு. பரிசாகக் காசு இல்லை, மேடை. முதலாம் இடம் பெறுபவர் விழாவின் கடைசி மாலையில் தன் தொகுப்பில் உள்ள எல்லாப் பாட்டுகளையும் பக்கவாத்தியத்தோடு பாடலாம். இரண்டாம் இடத்துக்கு ஒரே ஒரு பாட்டு. மூன்றாம் இடத்துக்குச் சான்றிதழ்.

நாங்கள் மூன்று பேரும் நடுவர்கள். பதினொரு தொகுப்புகள் வந்திருந்தன. பெயரும் அட்டையும் தெரியாமல் கேட்க வேண்டும், முழுவதும் கேட்க வேண்டும் என்பவை ரீச்சரின் நிபந்தனைகள். நிலையத்தின் செயலாளர் எல்லாவற்றையும் ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, இலக்கம் போட்டு, அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முந்தைய சனிக்கிழமை ஆறு தொகுப்புகளைக் கேட்டு முடித்திருந்தோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டில் பத்துக்குப் புள்ளி எழுதி, மூன்றையும் ஒன்றாகத் திறப்போம். மூன்றாம் இலக்கம் இருபத்துநாலரையோடு முன்னுக்கு நின்றது.

எங்கள் ஊரில் ஒரு பாடகருக்கு நியாயமாகப் புள்ளி போடுவது ஏன் சிரமம் என்று அறிய ஒரு இறுவட்டு வெளியீட்டு விழாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். விளக்கேற்றி, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தபின் முதற்பிரதியை ஒரு வர்த்தகர் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் வரிசையாக மேடைக்கு ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகுதான் மதிப்பீட்டுரை. மதிப்பிடுபவருக்கு இறுவட்டு அநேகமாக அன்று காலையில்தான் கிடைத்திருக்கும். அவர் பாடகரின் தகப்பனாருடைய நல்ல மனதைப் பற்றிப் பேசுவார். கடைசியில் ஒரு பாட்டு ஒலிக்கும். அந்த நேரம் சபை எழும்பிச் சிற்றுண்டிப் பொதி வாங்கப் போயிருக்கும். இப்படியான மண்டபங்களில் நான் பல மாலைகள் இருந்திருக்கிறேன். அங்கே சொல்லப்படுவது எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். அது அன்பு, மதிப்பீடு வேறு.

அங்கே இருந்து பழகியதில் எனக்குச் சில வழக்கங்கள் வந்தன. கேட்டு முடிக்கும்வரை அட்டையைப் பார்ப்பதில்லை. அட்டையில் தெய்வத்தின் படமும், அதைவிடச் சற்றுச் சிறிதாக, செலவை ஏற்ற வெளிநாட்டு மாமாவின் கடவுச்சீட்டுப் படமும் இருக்கும். இரண்டுக்கும் மனம் கரையும். ஒருமுறை காதில் மாட்டிக் கேட்பேன். ஒருமுறை குசினியில், தேங்காய் துருவும் சத்தத்துக்கு நடுவில், சின்னப் பெட்டியில் கேட்பேன். ஒருமுறை பஸ்ஸில். சென்னைப் பாட்டோடு ஒப்பிடுவதில்லை. அங்கே ஒரு வாத்தியத்துக்கு ஓர் அறை இருக்கும். இங்கே படுக்கையறைச் சுவரில் முட்டைத் தட்டு ஒட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பாடுகிறார்கள். அதற்காக வேர்வைக்கு ஒரு புள்ளி கூட்டிப் போடவும் முடியாது. கேட்பவருக்கு வேர்வை கேட்காது.

எல்லாவற்றிலும் சிக்கலானது ஆளையும் தொகுப்பையும் பிரிப்பது. நல்ல வித்துவான் ஒரு சோர்ந்த தொகுப்பு போடுவார். புள்ளி அந்தத் தொகுப்புக்கு. ஆனால் பத்திரிகையில் வந்ததும் அது ஆளின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். கொய்யா மரத்தில் மீசை மட்டும் மிஞ்சியிருந்த பாடகர் அந்த ஆறரைக்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. கோயில் வீதியில் நான் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் போவார்.

போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். மயிலிட்டியில் முன்பள்ளி ஆசிரியை. சிறுபிள்ளையாக இருந்தபோது இடம்பெயர்ந்து, கரவெட்டிப் பக்கத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் செய்து, இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்ட பிறகு குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியவர். கைப்பையிலிருந்து இறுவட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவரே எழுதி, அவரே மெட்டமைத்துப் பாடிய ஆறு பாட்டுகள்.

"நல்லதா எழுதச் சொல்லி வரேல்லை, சேர். ஒப்பரேஷனுக்கு முன்னம் எழுதுங்கோ எண்டு கேக்க வந்தனான்."

"என்ன ஒப்பரேஷன்?"

அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "குரல்நாணிலை ஒரு சின்னக் கட்டி. பயப்பிட ஒண்டுமில்லையாம். ஆனால் எடுத்த பிறகு குரல் இப்பிடியே இருக்குமோ எண்டு டொக்டர் உறுதி சொல்லேல்லை. பிறகு வேறை குரலோடை நான் இருக்கேக்கை நீங்கள் இந்தக் குரலைப் பற்றி எழுதினால், செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அடிச்சுக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் மாதிரி எல்லோ இருக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டு சரியில்லை என்று எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வாசிப்பன். பேந்தென்ன?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "சேர், கட்டியைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. சொன்னால் எல்லாரும் பாவம் பாத்துத்தான் கேப்பினம். பாட்டைக் கேக்க மாட்டினம். நல்லூரிலை ஒரு போட்டியாம், அதுக்கும் குடுத்திருக்கிறன். ஆறு பாட்டையும் ஒருக்கால், ஒரே இருப்பிலை, சனத்துக்கு முன்னாலை பாடிப்போடோணும். அவ்வளவுதான்."

அந்தப் போட்டிக்கு நான் நடுவர் என்பது அவருக்குத் தெரியாது. அவர் போனபின் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்து, எனக்குத் தெரிந்த ஒருவர் போட்டியில் இருக்கிறார், விலகட்டுமா என்று கேட்டேன்.

"தம்பி, பதினொரு பேரிலை உங்களுக்குத் தெரியாத ஆள் எத்தினை பேர்?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேர் இருக்கலாம்.

"அண்ணைக்கு எல்லாரையும் தெரியும். ரீச்சரிட்டை பாதிப் பேர் படிச்சவை. தெரிஞ்ச ஆக்களை நிப்பாட்டினால் நாங்கள் கண்டியிலை இருந்துதான் நடுவர் எடுக்கோணும். குரல் பிடிபட்டாலும் வாயைத் திறக்காமல் இருங்கோ. அது போதும்."

அது விதியாகியது. முதற் சனிக்கிழமை மூவரும் அதைக் காப்பாற்றினோம்.

இரண்டாம் சனிக்கிழமை முதலில் வந்தது ஏழாம் இலக்கம். அண்ணை மடிக்கணினியைத் தட்டினார். முதல் வரியிலேயே எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. மற்ற இருவரையும் பார்த்தேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு விரலால் கதிரைக் கையில் தாளம் போட்டார். ரீச்சர் முதற் பாட்டு முழுவதும் அசையவில்லை. இரண்டாவது பாட்டு ஹிந்தோளம். பல்லவியின் கடைசி வரியில், மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கும்போது, குரல் நிஷாதத்தில் ஒரு மூச்சு நேரம் நின்றது. கேட்பவருக்கு இனி இறங்காதோ என்று வரும்போது தைவதத்தைத் தொட்டும் தொடாமலும் கீழே போனது. ரீச்சர் பேனையை எடுத்து மேசையில் வைத்தார். திரும்ப எடுத்தார். மீதிப் பாட்டுகளை அவர் யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

நான்காவது பாட்டு, திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றதைப் பற்றியது. மெதுவான பாட்டு. கீழ்ச் சுரங்களில் அவருடைய குரல் கரகரத்தது.

துண்டுகளைத் திறந்தோம். அண்ணை ஒன்பது. நான் எட்டு. ரீச்சர் நாலு.

அண்ணை துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரீச்சர், இது நாலுதானே? நான் கண்ணாடியை மாத்தோணுமோ?"

"நாலுதான்."

"ஒண்டாம் இலக்கம் சுருதியை வீட்டிலை விட்டிட்டு வந்து பாடினவன். அவனுக்கே நீங்கள் அஞ்சு போட்டனீங்கள்!"

ரீச்சர் பேனையின் மூடியைப் போட்டார். பிறகு, யாரோ வற்புறுத்தியதுபோல, "எனக்கு உந்தப் பிள்ளையைத் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சால் கூடவெல்லோ போடுறது உலக வழக்கம்?"

"அதுக்குத்தான் நாலு. என்னட்டை பத்து வருஷம் படிச்சவள். கரவெட்டியிலை இருந்து பஸ்ஸிலை வந்து போறவள். உந்த நிஷாதத்திலை நிக்கிறது ஒரு புத்தகத்திலையும் இல்லை. நான் யோசிச்சுக் கண்டுபிடிச்சு அவளுக்கு மட்டும் சொல்லிக் குடுத்தது. நாளைக்கு அவள் முதலாவதா வந்தால் சனம் என்ன சொல்லும்? ரீச்சர் தன்ரை பிள்ளைக்குப் போட்டிட்டா எண்டு சொல்லும்."

"விளங்கீட்டுது," என்றார் அண்ணை. "என்ரை அப்பர்தான் எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர். தவணைப் பரீட்சையிலை எனக்கு நாப்பத்தொன்பது போட்டார். பக்கத்திலை இருந்து என்ரை பேப்பரைப் பாத்து எழுதினவனுக்கு அறுபது. வீட்டை வந்து அம்மாவுக்குச் சொல்லுறார், நீதி எண்டால் நீதிதான் எண்டு."

எங்களில் பலருக்கு இப்படி ஒரு கதை உண்டு. ஆசிரியரின் பிள்ளை அதே ஆசிரியரின் வகுப்பில் இருந்தால் சில புள்ளிகள் குறையும் என்பது எங்கள் பாடசாலைகளில் எழுதாத ஒழுங்கு. பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொள்வார்கள். தகப்பனின் பெயருக்குக் கட்டும் ஒரு வரி மாதிரி. ரீச்சரும் அந்த ஒழுங்கில் வளர்ந்தவர். தன் மாணவி என்று நினைத்த ஆளின் புள்ளியைப் பாதியாக வெட்டியதில் அவருக்கு எந்த மகிழ்ச்சியும் இருக்கவில்லை. துண்டை எழுதும்போது அவருடைய வாய் இறுகியிருந்ததைக் கண்டேன்.

ஆனால் பாடியவர் அவருடைய மாணவி இல்லை. அது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

வாயைத் திறந்தால் விதி உடையும். திறக்காவிட்டால் மயிலிட்டிப் பெண் தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நேர்மைக்கு நாலு புள்ளியோடு போவார். நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ரீச்சர், அது நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை."

"உமக்கு என்னண்டு தெரியும்?"

"தெரியும்."

"நல்லாயிருக்கு," என்றார் அண்ணை. "ரெண்டு பேருக்கும் ஆளைத் தெரியும். அப்ப இஞ்சை ஒரே ஒரு சுத்தமான நடுவர் நான்தான். எனக்குத் தேத்தண்ணி ஊத்துங்கோ."

ரீச்சர் நம்பவில்லை. நான் சமாளிக்கிறேன் என்று நினைத்தார். "அந்த நிஷாதத்தைப் பாடுறதுக்கு வேறை ஆள் இல்லை," என்று கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். நடுவர் ஒருவர் போட்டியாளர் என்று தான் நம்பும் ஒருவருக்குப் போட்டியின் நடுவில் அழைப்பு எடுப்பது எந்த விதியிலும் வராது. அண்ணை தடுக்கக் கையைத் தூக்கினார். பிறகு ஆர்வம் வென்று கையை இறக்கினார். ரீச்சருக்குக் காது சற்று மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பார். மறுமுனைக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லுங்கோ ரீச்சர். சுகமே?"

"பிள்ளை, நீ நல்லூர்ப் போட்டிக்கு இறுவட்டு அனுப்பினனியே?"

"இல்லை ரீச்சர்."

"உண்மையைச் சொல்லு."

"அனுப்பேல்லை ரீச்சர். நீங்கள் நடுவர் எண்டு கேள்விப்பட்டனான். அதுதான் அனுப்பேல்லை."

"ஏன்? நான் நடுவர் எண்டால் உனக்கு என்ன?"

அந்தப் பக்கத்தில் ஒரு சேவல் கூவியது.

"நீங்கள் எனக்குக் குறைச்சுத்தானே போடுவீங்கள், ரீச்சர். எனக்குத் தெரியும். கோவமில்லை."

ரீச்சர் தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அப்ப... அந்த ஹிந்தோளம். நிஷாதத்திலை நிக்கிற இடம். அதை நீ ஆருக்கும் சொல்லிக் குடுத்தனியே?"

"ஓம் ரீச்சர். எங்கடை ஊரிலை இடம்பெயர்ந்து வந்து இருந்த ஒரு அக்காவுக்கு. பின்னேரத்திலை வந்து என்னோடை இருந்து பாடுவா. அவா இப்ப தன்ரை ஊருக்குத் திரும்பிப் போட்டா. அவவின்ரை பேர்..."

"பேர் சொல்லாதை!" என்று ரீச்சர் கத்தினார். அண்ணையும் அதே நேரம் கத்தினார். நான் கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தேன்.

மூவரும் தேத்தண்ணி குடித்தோம். ரீச்சர் நாலு என்று எழுதிய துண்டை இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், கோப்பையின் கீழ் வைத்தார்.

"திரும்பப் போடுங்கோ," என்றார். "முதலிலை இருந்து. மூண்டு பேரும் புதுசா எழுதுவம்."

"மிச்சம் நாலு அல்பம் கிடக்கு, ரீச்சர்."

"கிடக்கட்டும். நான் இன்னும் இதைக் கேக்கேல்லை."

இந்தத் தடவை அவர் யன்னலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, வலது கையின் விரல்களைத் தொடையில் மடித்து எண்ணியபடி இருந்தார். ஹிந்தோளத்தில் நிஷாதம் வந்தபோது அவருடைய தலை மிக மெதுவாக ஒருபக்கம் சாய்ந்தது. தன் சொத்து இன்னொருவரின் வீட்டில் நல்ல முறையில் பராமரிக்கப்படுவதைக் கண்டவரின் முகம். நான்காவது பாட்டு வந்தது. கிணற்றுக்கட்டு. கீழ்ச் சுரத்தில் குரல் கரகரத்தது. ரீச்சரின் விரல் நின்றது. அவர் கண்ணைத் திறந்து துண்டில் ஏதோ குறித்தார்.

நான் மறுபடியும் எட்டுத்தான் எழுதினேன். ஐந்தாவது பாட்டில் தாளம் முழுவதும் மின்சாரத் தாளப்பெட்டியிலிருந்து வந்தது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி. அதன்மேல் பாடுபவரும் ஒரே மாதிரி. அதற்கு ஒரு புள்ளி குறைத்தேன். ஆறாவது பாட்டு இரண்டு சரணம் நீளம். அதற்கு ஒன்று. மூன்று கிழமைக்கு முன்னர் வீட்டில் கேட்டபோதும் இதையேதான் குறித்து வைத்திருந்தேன்.

அண்ணை ஒன்பது. நான் எட்டு. ரீச்சர் ஏழு.

"ஏழு நல்ல புள்ளி," என்றார் ரீச்சர், யாரும் கேட்க முதல். "கற்பனை இருக்கு. சாகித்தியம் நல்லம். மேலை வடிவாப் பாடுறா. ஆனால் கீழ்ப் பஞ்சமத்திலை குரல் நிக்கேல்லை. ரெண்டு மூண்டு இடத்திலை கேட்டது. பயிற்சி காணாது."

"ரீச்சர், அந்தக் கரகரப்பு அந்தப் பாட்டுக்குப் பொருந்துது," என்றேன். "இடிஞ்ச வீட்டைப் பற்றின பாட்டு. அதிலை மணி மாதிரிக் குரல் வந்தால் அதுதான் பிழை."

அது நான் உண்மையாக நம்பிய கருத்து. இன்றும் நம்புகிறேன்.

ரீச்சர் என்னை நேராகப் பார்த்தார். "வேணுமெண்டு கரகரத்ததோ, ஏலாமல் கரகரத்ததோ?"

நான் என் துண்டை மடித்தேன்.

"கேக்கிறவனுக்கு அது என்னத்துக்கு, ரீச்சர்?" என்றார் அண்ணை. "எனக்கு அந்த இடத்திலைதான் நெஞ்சு அடைச்சது. அவ வேணுமெண்டு செய்தாவோ, தடிமனோ சளியோ, எனக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்டுமில்லை. எனக்கு அதுதான் வேலை. வேணுமெண்டு செய்தால் அது வித்தை. அதுக்கு நான் எட்டரை போடுவன். ஏலாமல் வந்தால் அது தற்செயல். தற்செயலுக்கு ஆரும் புள்ளி போடுறேல்லை. தம்பி, உமக்கு ஆளைத் தெரியுமெண்டு சொன்னீர். சொல்லும், எது?"

வேண்டுமென்றே என்று ஒரு வார்த்தை சொன்னால் எட்டரை. மொத்தம் இருபத்தைந்தரை, முதலாம் இடம். ஆறு பாட்டும் மேடையில். அது பொய். கட்டியைச் சொன்னால் அவர் என்ன போடுவார் என்று எனக்கு நிச்சயமில்லை. குறைந்தது எட்டுப் போடுவார் என்று நினைத்தேன், அதுவும் முதலாம் இடத்துக்குப் போதும். இரண்டாம் தடவை கேட்டபோது ரீச்சரின் முகத்தில் ஓர் இளக்கத்தைக் கண்டிருந்தேன். கட்டி உண்மை. ஆனால் அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கப்பட்டிருந்தேன். கேட்டவர், அதனால் எதை இழக்கலாம் என்று தெரிந்துகொண்டே கேட்டவர்.

"பாட்டிலை கேட்டதுக்குப் போடுங்கோ, ரீச்சர்," என்றேன்.

"அப்ப ஏழு."

மொத்தம் இருபத்துநாலு. எட்டு முதல் பதினொன்று வரை கேட்டு முடித்தோம். அவற்றில் எதுவும் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. மூன்றாம் இலக்கம் முதலாவது. அரைப் புள்ளியில் ஏழாம் இலக்கம் இரண்டாவது. நாங்கள் படலையைச் சாத்தும்போது பொழுது பட்டுவிட்டது. கொய்யா மரத்தில் இறுவட்டுகள் அசையாமல் தொங்கின.

ஒரு ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, போட்டி முடிவு அறிவிக்கப்பட்டபின், என் பத்தி வந்தது. மரண அறிவித்தல்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இடம் கிடைத்தது. பத்துக்கு எட்டு என்று போட்டேன். ஐந்தாவது பாட்டின் தாளப்பெட்டியைப் பற்றி எழுதினேன். கீழ்ச் சுரங்களில் குரல் தளர்கிறது, நான்காவது பாட்டுக்கு அந்தத் தளர்வு பொருந்துகிறது, மற்றப் பாட்டுகளுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அதை எழுதுவதற்கு அரை நாள் எடுத்தது. பத்தி வந்த அன்று காலை ஏழு மணிக்கே மயிலிட்டிப் பெண் அழைத்தார்.

"வாசிச்சனான், சேர்."

"ஓம்."

"தாளப்பெட்டி விஷயம் சரி. மிருதங்கக்காரர் அண்டைக்கு வரேல்லை. குரலைப் பற்றி எழுதினதும் சரி." பிறகு, "எனக்கு இரண்டாவது எண்டு சொல்லிச்சினம். எந்தப் பாட்டைப் பாடுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். பாடக் கிடைச்சது ஒண்டுதானே, அதுவும் வசதிதான்."

அவர் சிரித்த சத்தத்தில் கரகரப்பு முந்தியதை விடக் கூடியிருந்தது.

விழாவின் கடைசி மாலை அவர் பாடியது கிணற்றுக்கட்டுப் பாட்டு. முன்வரிசையில் ரீச்சர் இருந்தார். பக்கத்துக் கதிரையில், கரவெட்டியிலிருந்து வந்திருந்த அவருடைய மாணவி. கீழ்ப் பஞ்சமம் வந்தபோது குரல் ஒலிப்பதிவில் இருந்ததைவிட அதிகமாக உடைந்தது. இரண்டு இடங்களில் காற்று மட்டும் வந்தது. சபை அசையவில்லை. அண்ணை என் பக்கம் சாய்ந்து, "தடிமன் இல்லைப் போலை கிடக்கு, தம்பி," என்றார். நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் ரீச்சர் மேடையின் பக்கத்துப் படிக்குப் போனார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். மாணவி ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "அக்கா, இவாதான் ரீச்சர். அந்த நிஷாதம் இவவின்ரை," என்றாள்.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"எடுத்துப் பாடினதுக்குக் கோவமோ, ரீச்சர்?"

"கோவமோ? வடிவா வைச்சிருக்கிறாய்." ரீச்சர் அவருடைய கழுத்தைப் பார்த்தார். பல பிள்ளைகளின் தொண்டையைக் கேட்டுப் பழகியவர். "கீழை என்ன பிள்ளை, பயிற்சியோ, வேறை ஏதுமோ?"

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். நான் சொல்லவில்லை என்ற பொருளில்.

"வேறை, ரீச்சர். செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன்."

ரீச்சர் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உமக்குத் தெரியுமே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தால்..." என்று தொடங்கினார்.

"நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான், ரீச்சர்," என்றார் அந்தப் பெண். "எத்தினை போட்டனீங்கள்?"

"ஏழு."

"ஏழோ?" அவர் மாணவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உன்ரை ரீச்சர் ஏழுக்கு மேலை போட மாட்டா எண்டு நீ சொன்னனி. பாத்தியே, எனக்கு முழுசாக் கிடைச்சிருக்கு."

மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். ரீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மேடையில் மூன்றாம் இலக்கக்காரரின் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் போய்க் கதிரைகளில் இருந்தோம். அந்தப் பெண் ரீச்சருக்கும் மாணவிக்கும் நடுவில் இருந்து, மூன்றாம் இலக்கத்தின் ஆறு பாட்டையும் முழுவதும் கேட்டார்.

சத்திரசிகிச்சை செவ்வாய்க்கிழமை காலை போதனா வைத்தியசாலையில் நடந்தது. சில கிழமைகளுக்குப் பிறகு அவர் முன்பள்ளிக்குத் திரும்பினார். கதைக்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பாடுவதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.